பார்ட்டை மாத்தினேன், இப்ப ஆன் ஆகல

கீழக்கரையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கம்ப்யூட்டர் சர்வீஸ் மூன்றும் ஒரே ஷட்டருக்குள் ஓடுகிற கடை என்னுடையது. சர்வீஸ் மேசைக்கு வருகிற டெஸ்க்டாப்களில் ஒரு ரகம் உண்டு. நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடியிருக்கும். சபுரில், அதாவது வெளிநாட்டில், இருக்கிற காக்கா (அண்ணன்) ஊருக்கு வரும்போது கிராபிக்ஸ் கார்டையோ ப்ராசஸரையோ பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்திருப்பார். தம்பி யூடியூபைப் பார்த்துக்கொண்டே மாட்டியிருப்பான். அதோடு திரை கறுப்பு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்த பிறகு இந்த ரகம் கூடிவிட்டது. பழைய மதர்போர்டில் விண்டோஸ் 11 ஏறாது என்று போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் சேர்த்து மாற்றுகிறார்கள். மாற்றிய அன்றே தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

வந்ததும் கேட்பது, "புது பார்ட் டெட்டாக்கா?" என்றுதான். அநேகமாக இல்லை. நேற்று ஓடியது இன்று ஓடவில்லையென்றால், நடுவில் உங்கள் கை பட்ட இடத்தில்தான் தேட வேண்டும். மாட்டிய பார்ட்டில் மட்டும் தேடினால் கிடைக்காது. போன மாதம் ஒரு பையன் வந்தான்.

"அக்கா, ரேம்தான் போட்டேன். வேற ஒண்ணுமே பண்ணல."

"ரேம் போடுறதுக்கு எதையாவது நகர்த்துனியா?"

"இல்லக்கா. மேல ஒரு வயரு மறைச்சுக்கிட்டு இருந்துச்சு, அதை மட்டும் கொஞ்சம் தள்ளிவிட்டேன்."

அந்த வயர் ப்ராசஸருக்குக் கரண்ட் போகிற 8 பின் வயர். பாதி வெளியே வந்து நின்றது. அமுக்கிவிட்டேன், டிஸ்ப்ளே வந்தது. புது ரேமில் ஒரு குறையும் இல்லை.

அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எதைக் கழற்றினேன், எதைத் தள்ளினேன், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்கு, விண்டோஸுக்கு முன் போர்டில் ஓடுகிற பயாஸில் எதையாவது மாற்றினேனா. இனிமேல்தான் மாற்றப்போகிறீர்கள் என்றால் மூடியைத் திறந்ததும் போனில் நாலு போட்டோ எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். ஒரே நேரத்தில் ரேமை மாற்றி, போர்டில் இருக்கிற பேட்டரியைக் கழற்றி, கார்டை வேறு ஸ்லாட்டில் போட்டால், ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது.

ஒவ்வொரு முறையும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடியுங்கள்; உள்ளே மிச்சம் இருக்கிற கரண்ட் இறங்கிவிடும். போர்டில் விளக்கு எரியும்போது ரேமைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் புது பார்ட் நிஜமாகவே டெட் ஆகும்.

உப்புக் காற்று சங்கதி

இணையத்தில் எல்லோரும் சொல்கிற வழி ஒன்று இருக்கிறது. புதுசைக் கழற்றிப் பழையதைத் திரும்பப் போடு. அப்போதும் வரவில்லையென்றால் போர்டு போச்சு. கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அது சரியாக இருக்கலாம். நம் கரையில் அந்த முடிவுக்கு அவ்வளவு சீக்கிரம் வரக் கூடாது.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தெற்குக் கடலைப் பார்த்த வீடுகளில் ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் அப்படித்தான். பாம்பன், மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல். வருஷம் பூராவும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து உப்பு வந்துகொண்டே இருக்கும். ஜன்னல் கம்பியில் படிகிற அதே உப்பைக் கேபினெட் ஃபேன் உள்ளே இழுத்துப் போடுகிறது. உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் உலோகம் அரிக்கும். ரேமின் ஓரத்தில் இருக்கிற தங்கப் பூச்சு மிக மெல்லியது. அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தால் போதும், அரிப்பு அதன் வழியாக மேலே வந்து படலமாகப் படியும்.

ரேம் ஸ்லாட்டுக்குள் அழுத்திக்கொண்டிருக்கிற புள்ளியில் மட்டும் காற்று படாது. அது சுத்தமாக இருக்கும், சுற்றிலும் அழுக்கு. அசைக்காத வரைக்கும் அந்தச் சுத்தமான புள்ளி வருஷக்கணக்கில் வேலை செய்துகொண்டிருந்தது. நீங்கள் பக்கத்து ஸ்லாட்டில் புது ரேம் போட, பழையதைக் கழற்றி மாட்டினீர்கள். தொடுகிற இடம் ஒரு மயிரிழை தள்ளிவிட்டது. இப்போது அழுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. "பழைய ரேமை மறுபடி போட்டும் வரலையே, போர்டு எரிஞ்சுபோச்சு" என்று வருகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். கிராபிக்ஸ் கார்டுக்கும் இதே கதை. எரிந்ததாகச் சொன்ன போர்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தால், நான் ஏதோ மந்திரம் போட்டதாக நினைக்கிறார்கள்.

துடைப்பதற்கு மெத்தென்ற வெள்ளை அழி ரப்பர் போதும். தங்கப் பற்களின் மேல் ஒரே திசையில், ரேமின் உடம்பிலிருந்து ஓரத்தை நோக்கி, லேசாக. தூளை மெல்லிய பிரஷால் தட்டிவிட்டு, மொபைல் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கிற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைக்காமல், நூல் பிரியாத துணியில் தொட்டுத் துடையுங்கள். ரப்பர் போட்டால் தங்கமும் சேர்ந்து தேயும் என்பவர்கள் சொல்வது உண்மைதான். அதனால்தான் லேசாக என்கிறேன், மாதாமாதம் செய்யவும் வேண்டாம். உப்புத்தாள் கூடவே கூடாது. கொரோனா காலத்து சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், அதுவும் வேண்டாம். துருப்பிடித்த ஆணிக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை ஸ்லாட்டுக்குள் அடித்துக்கொண்டு வந்தார் ஒருவர். அதைச் சுத்தம் செய்ய ஆன நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டர் பார்த்திருக்கலாம்.

ஸ்லாட்டுக்குள் ஊசி, பின், டூத் பிரஷ் எதையும் விடாதீர்கள். எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, நன்றாகக் காயவிட்டு, ரேமைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, நாலைந்து தடவை செய்யுங்கள். அந்த உரசலிலேயே உள்ளே இருக்கிற படலம் விலகும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொரிந்து தெரிந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், அது வீட்டில் ஆகிற வேலை இல்லை.

வீடியோக்களில் கைக்கு ஒரு பட்டை கட்டிக்கொண்டு ஸ்டேட்டிக் ஸ்டேட்டிக் என்று பயமுறுத்துகிறார்களே, குளிர்ந்து உலர்ந்த ஊர்களில் அது பெரிய விஷயம். நம்மூர்க் காற்றில் ஈரம் அதிகம், அதனால் அது குறைவு. கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் போதும். இங்கே பயப்பட வேண்டியது வியர்வைக்கு. நெற்றியைத் துடைத்த கையால் தங்கப் பற்களைப் பிடித்தால் அங்கேயே அடுத்த வருஷத்து அரிப்பை விதைத்ததாகும். ஓரங்களைப் பிடித்துத் தூக்குங்கள்.

எந்த 'ஆன் ஆகல'?

"ஆன் ஆகல" என்பதில் மூன்று வேறு வேறு சங்கதி இருக்கிறது. பட்டனை அழுத்தினால் விளக்கும் இல்லை, ஃபேனும் இல்லை என்பது ஒன்று. ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் 'நோ சிக்னல்' என்கிறது என்பது இன்னொன்று. லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லை என்பது மூன்றாவது. லோகோ வருகிற கம்ப்யூட்டரில், உள்ளே கரண்ட் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதும், டிஸ்ப்ளேயே வராததற்கு விண்டோஸ் போட பென் டிரைவ் தேடுவதும் வீண் வேலை.

முழுக்கச் செத்துக் கிடக்கிறது என்றால் வெளியிலிருந்து தொடங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் முதுகில் இருக்கிற சுவிட்சை வேலை தொடங்கும்போது அணைத்திருப்பீர்கள், முடித்ததும் போட மறந்திருப்பீர்கள். சிரிக்காதீர்கள், இது நடக்கிறது. பழைய எஸ்எம்பிஎஸ்களில் சிவப்பாக இன்னொரு சுவிட்ச் இருக்கும், 115, 230 என்று எழுதியிருக்கும். சவூதியில் பல காலம் வீடுகளுக்கு 127 வோல்ட் கொடுத்தார்கள். அங்கே ஓடிய பழைய பெட்டியைக் கொண்டுவந்து, சுவிட்ச் 115-இல் நிற்கிறதா என்று பார்க்காமல் நம் 230-இல் சொருகினால் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சொருகும் முன் பாருங்கள்.

யூபிஎஸ்ஸைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் சொருகிப் பாருங்கள். வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 600 விஏ. அது தாங்குவது 360 வாட் அளவுதான். ஆபீஸ் வேலை செய்த கம்ப்யூட்டருக்கு அது தாராளம். புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு ஏறியதும் போதாமல், கீ என்று கத்திவிட்டு அணைத்துவிடும். கத்துவது யூபிஎஸ், கம்ப்யூட்டர் இல்லை.

உள்ளே, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வருகிற 24 பின் கனெக்டர். அதன் கொக்கி 'க்ளிக்' என்று விழும் வரை அமுக்க வேண்டும். பாதி உட்கார்ந்தால் பார்வைக்கு முழுதாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும். போர்டை மாற்றியவர்கள் முன்பக்கப் பட்டன் வயரைச் சரிபாருங்கள். பவர் சுவிட்சுக்கு இரண்டே பின்தான். அது எந்த இரண்டு என்பது போர்டோடு வந்த புத்தகத்தில் படமாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். ஆன் ஆனால் குற்றவாளி பட்டனும் வயரும்தான். நம் பக்கத்தில் கேபினெட் பட்டனே உப்பில் இறுகிப்போவதும் உண்டு.

ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது, மறுபடி முயல்கிறது, நிற்கிறது என்றால் எங்கோ ஷார்ட். போர்டுக்கு அடியில் இருக்கிற பித்தளைக் கால்களைப் பாருங்கள். பெரிய ஏடிஎக்ஸ் போர்டு இருந்த கேபினெட்டில் சின்ன போர்டு போட்டால், பழைய கால்களில் சில புது போர்டின் ஓட்டைக்கு நேராக வராமல், அதன் முதுகில் முட்டிக்கொண்டு நிற்கும். கழன்று விழுந்த ஸ்க்ரூ ஒன்று உள்ளே உருண்டுகொண்டிருக்கலாம். பல்லியும் இருக்கலாம். எஸ்எம்பிஎஸ் சூட்டுக்கு ஒதுங்கிய பல்லி போர்டின் பின்புறத்தில் காய்ந்து ஒட்டியிருந்ததை நானே எடுத்திருக்கிறேன். மேல் மூடி இல்லாமல் கம்ப்யூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க, 24 பின்னில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைப்பார்கள். மற்ற எல்லாக் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, கிளிப்பை முதலில் சொருகி, பிறகு கரண்ட் போட வேண்டும். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். எல்லா வயரும் கறுப்பாக இருக்கிற புது மாடல்களில் எண்ணிப் பார்த்துச் செருகுகிற சாகசம் வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்பவர்களுக்கு: அது புது பார்ட்டால் வந்தது இல்லை. சுவரில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கிற ஃபில்டர், எர்த் வழியாகப் போக வேண்டிய கசிவைப் போக வழியில்லாமல் இரும்பின் மேல் விட்டுவிடுகிறது. மணல் பாங்கான இடத்தில் எர்த் பைப் காய்ந்துபோனால் இருந்தும் இல்லாத கதைதான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்த பிறகு கம்ப்யூட்டரைத் தொடுங்கள்.

ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே இல்ல

கடைக்கு அதிகம் வருவது இந்த வகைதான்.

மானிட்டர் வயர் எங்கே சொருகியிருக்கிறது? கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு வயர் கார்டில் இருக்க வேண்டும். மேலே செங்குத்தாக இருக்கிற போர்டின் ஹெச்டிஎம்ஐயில் அது பழைய பழக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். தலைகீழாகவும் நடக்கும்: கார்டை விற்றுவிட்டு, போர்டின் ஹெச்டிஎம்ஐயில் சொருகிக் காத்திருப்பார்கள். இன்டெலில் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால், உதாரணமாக ஐ5 12400எஃப், அந்த ப்ராசஸருக்குள் கிராபிக்ஸே கிடையாது. கார்டு இல்லாமல் அதில் படம் வராது. ஏஎம்டியின் ரைசன் 5 5600-க்கும் கிடையாது, 5600ஜி-க்கு உண்டு. விலை குறைவு என்று 'எஃப்' வாங்கி அனுப்புகிற காக்காமார் இதைக் கவனித்தால் நல்லது.

அடுத்து, நான் முதலில் சொன்ன 8 பின் வயர், போர்டின் மேல் இடது மூலையில். அது இல்லாமலும் ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், அதனால்தான் ஏமாறுகிறோம். கிராபிக்ஸ் கார்டுக்கும் பார்வைக்கு அதே மாதிரி 8 பின் வரும், ஆனால் இரண்டும் வேறு. கார்டுக்கானது 6 பின்னும் 2 பின்னும் சேர்ந்தது. ப்ராசஸருக்கானது 4 பின்னும் 4 பின்னும் சேர்ந்தது. இழுத்துப் பிடித்து அமுக்கி மாற்றிச் சொருகாதீர்கள். கார்டில் பவர் சாக்கெட் இருந்தால் அது காலியாக இருக்கவும் கூடாது. வயரைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்கள் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் வயரைப் புதியதில் சொருகக் கூடாது. முனை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், போர்டோ டிஸ்க்கோ போய்விடும்.

பிறகு ரேம். நாலு ஸ்லாட் இருக்கிற போர்டில் ஒரே ஒரு ரேம் என்றால், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட். இரண்டு என்றால் இரண்டாவதும் நாலாவதும். புத்தகம் வேறு சொன்னால் புத்தகம் சொல்வதே சரி. ரேமை இரண்டு ஓரத்திலும் அழுத்தி, கொக்கி தானாக மூடும் சத்தம் கேட்க வேண்டும்; சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி இருக்கும், அங்கேதான் மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்கிற மூன்று தலைமுறை ரேமுக்கும் நடுவெட்டு வேறு இடத்தில். உட்காரவில்லையென்றால் அது உட்கார வேண்டிய ரேம் இல்லை, பலம் காட்டாதீர்கள். பழையதும் புதியதும் சேர்ந்து ஓடவில்லையென்றால், புதியதை மட்டும் போட்டு ஒரு தடவை, பழையதை மட்டும் போட்டு ஒரு தடவை. இரண்டும் தனித்தனியாக ஓடினால் இரண்டுக்கும் பொருத்தம் இல்லை. பயாஸில் ரேமை வேகமாக ஓட்டுகிற எக்ஸ்எம்பி செட்டிங்கை அணைத்து வேகத்தைக் குறைத்தால் சில நேரம் ஒத்துப்போகும்.

டிடிஆர்5 போர்டு புதிதாகப் போட்டவர்கள் ஒன்றைக் கேளுங்கள். முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிஷம் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். வந்த பிறகும் கறுப்பாக இருந்தால் அடுத்ததைப் பார்க்கலாம்.

போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு சின்ன விளக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். ஆன் ஆகும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தகராறு. டிராமில் நின்றால் ரேம்; விஜிஏவில் நின்றால் கார்டு; பூட்டில் நின்றால் டிஸ்க். சிபியுவில் நின்றால் 8 பின் வயர், ப்ராசஸர், பயாஸ் மூன்றையும் சந்தேகப்படுங்கள். இந்த விளக்கைப் பார்க்காமலே பார்ட் பார்ட்டாக வாங்கிப் போட்டவர்கள் உண்டு.

பயாஸ் என்றது ஏனென்றால், சாக்கெட் பொருந்துவது வேறு, போர்டுக்கு ப்ராசஸரைத் தெரிவது வேறு. பி450 போர்டில் ரைசன் 5600 அழகாக உட்காரும். பயாஸ் பழையதாக இருந்தால் போர்டுக்கு அது யார் என்றே தெரியாது. ஹெச்610 போர்டில் இன்டெல் 13-ஆம் தலைமுறை போடும்போதும் அப்படி ஆகலாம். சில ஜோடிகளுக்கு அப்டேட்டும் உதவாது: இன்டெல் 6, 7-ஆம் தலைமுறைக்கும் 8, 9-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் எண் 1151 என்றே இருக்கும், ஆனால் ஒன்றின் போர்டில் மற்றது ஓடாது. போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கு ப்ராசஸர் பட்டியல் இருக்கும், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து என்றும் போட்டிருப்பார்கள். பழைய ப்ராசஸரை விற்பதற்கு முன்பே அதைப் போர்டில் வைத்துப் பயாஸை ஏற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஏற்றுகிற நேரத்தில் கரண்ட் போகக் கூடாது, அதற்காவது யூபிஎஸ் வேண்டும்.

ப்ராசஸரைக் கழற்றியவர்கள் பின்களைப் பாருங்கள். ஏஎம்4 சாக்கெட் ரைசனில் பின் ப்ராசஸரின் அடியில். இன்டெலிலும் ஏஎம்5-இலும் சாக்கெட்டுக்குள். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் வளைந்த பின் மட்டும் வேறு விதமாக மின்னும். ஏஎம்4-இல் கூலருக்கு அடியில் தடவிய பேஸ்ட் காய்ந்து கூலரோடு ப்ராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும். கூலரை நேராகத் தூக்காமல் இடமும் வலமும் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். வளைந்திருந்தால் நிமிர்த்துவது கடைக்காரர் வேலை, அதுவும் எல்லாக் கடைக்காரரும் செய்வதில்லை.

இவ்வளவுக்கும் மசியவில்லையென்றால் பயாஸ் செட்டிங்கை அழியுங்கள். பிளக்கைப் பிடுங்கி, 2032 வட்ட பேட்டரியை எடுத்து, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, ஐந்து பத்து நிமிஷம் கழித்துத் திரும்பப் போடுங்கள். போடும் முன் பேட்டரியை அளந்து பாருங்கள். 3 வோல்ட் இருக்க வேண்டும், 2.8-க்குக் கீழே இருந்தால் வாட்ச் கடையில் புதியது வாங்கிவிடலாம். அதன் கீழே இருக்கிற தகட்டிலும் நம்மூர் உப்பு படிந்திருக்கும், துடையுங்கள்.

கடைசி வழி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைப்பது. போர்டு, ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ், தேவையென்றால் கார்டு. டிஸ்க், யூஎஸ்பி, முன்பக்க வயர் எதுவும் கிடையாது. இப்படி ஓடினால் பெட்டிக்குள் ஏதோ ஷார்ட் அடிக்கிறது. போர்டு சுற்றி வந்த வெள்ளிநிற உறையின் மேல் வைக்காதீர்கள், அந்த உறையில் கொஞ்சம் கரண்ட் போகும்.

லோகோ வருது, விண்டோஸ் வரல

இங்கே வந்துவிட்டால் மூச்சு விடலாம். பார்ட் எல்லாம் உயிரோடு இருக்கிறது.

டெலீட் அல்லது எஃப்2 தட்டிப் பயாஸுக்குள் போய் விண்டோஸ் இருக்கிற டிஸ்க் பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசையில் அதை முதலில் வையுங்கள்; புது டிஸ்க் போட்டதும் காலியான அதை முதலில் தேடிவிட்டு 'பூட் டிவைஸ் இல்லை' என்று சொல்லியிருக்கும். தெரியவில்லையென்றால் வயர். போர்டிலேயே குச்சி மாதிரிப் படுக்கிற எம்.2 டிஸ்க் புதிதாகப் போட்டவர்களுக்கு ஒரு பொறி உண்டு: பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும், வயர் டிஸ்க் சொருகுகிற சில சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்கு போடும். எம்.2-இல் ஒன்று ஏறியதும் அந்தச் சாட்டா போர்ட் தானாக அணைந்துவிடும். பழைய டிஸ்க் செத்ததாக நினைப்பீர்கள். வேறு போர்ட்டில் மாற்றிச் சொருகினால் எழுந்து உட்காரும்.

பேட்டரியைக் கழற்றியதால் இரண்டு செட்டிங் மாறியிருக்கலாம். பழைய முறை விண்டோஸை எழுப்ப உதவுகிற சிஎஸ்எம் அணைந்திருந்தால் பழைய எம்பிஆர் முறையில் போட்ட விண்டோஸ் எழும்பாது. அதை ஆன் செய்தால் வரும். பிறகு நிதானமாக, விண்டோஸ் 10-இல் 2017 முதல் கூடவே வருகிற எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கைப் புது ஜிபிடி முறைக்கு மாற்றிக்கொள்ளலாம், டேட்டாவை வேறு இடத்தில் எடுத்து வைத்த பிறகு. போர்டு டிஸ்க்கோடு பேசுகிற சாட்டா முறை ஏஹெச்சிஐக்கும் ரெய்டுக்கும் நடுவே மாறியிருந்தால் 'இன்ஆக்ஸஸபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை வரும். முன்பு இருந்ததற்கே மாற்றுங்கள். இதற்குப் போய் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுகிற கடைகள் இருக்கின்றன. கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஒருவருக்கு ஒரு சீசன் வேலை அப்படிப் போனது.

நீலத்திரையில் 48 இலக்க எண் கேட்டால் அது டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர். போர்டு, ப்ராசஸர், பயாஸ் மாறியதால் டிஸ்க் சந்தேகப்படுகிறது. அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், வேறு போனில் உள்ளே போய் எடுக்கலாம். மாற்றுவதற்கு முன்பே எழுதி வைத்தால் தலைவலி இல்லை. எண் கிடைக்கவில்லையென்றால் என்னாலும் திறக்க முடியாது, "எப்படியாவது" என்று கேட்டாலும் முடியாது.

எழும்பிய பிறகு தேதியைப் பாருங்கள். பேட்டரி எடுத்ததில் பழைய வருஷத்துக்குப் போயிருந்தால் பாங்க் தளம், விண்ணப்பத் தளம் எதுவும் பாதுகாப்பு இல்லை என்று சொல்லித் திறக்காது. ப்ராசஸர் ஃபேன் சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். மூடியை மாட்டி ஸ்க்ரூவை முறுக்குங்கள், பல்லிக்காக.

கடைக்குக் கொண்டுவருவதானால் எழுதிய அந்தத் தாள், போர்டின் புத்தகம், கழற்றிய பழைய பார்ட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து வாருங்கள். மாற்றிப் போட்டுப் பார்க்க எனக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பழைய ரேம்தான். அது இல்லையென்றால் மதுரையிலிருந்து பஸ் பார்சலில் ஒன்று வர ஒரு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை மதியம் கடை கிடையாது.